கார்டில் இரண்டு கோடு விழுந்த பிறகு

ஈரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் சி வைரஸைக் கண்டுபிடிக்கப் போடும் முகாமில் எல்லோர் கண்ணும் அந்தச் சின்ன பிளாஸ்டிக் கார்டின் மேல்தான் இருக்கும். விரல் நுனியில் ஒரு குத்து, ஒரு சொட்டு ரத்தம், அதன்மேல் இரண்டு சொட்டு மருந்துநீர், கால் மணி நேரக் காத்திருப்பு. ஒரு கோடு என்றால் நெகட்டிவ், இரண்டு என்றால் பாசிட்டிவ். பாசிட்டிவ் வந்தவரிடம் ஒரு சீட்டு எழுதிக் கொடுத்து, "ராம்நாடு பெரியாஸ்பத்திரியில போய்க் காட்டுங்கண்ணே" என்று அனுப்பிவிட்டால் முகாம் வேலை முடிந்தது என்று கணக்கு. சீட்டு சட்டைப் பைக்குள் போகும். மறுநாள் அவர் மீன்பிடி அனுமதி டோக்கன் வாங்கிக்கொண்டு கடலுக்குப் போய்விடுவார். சட்டையைத் துவைக்கும்போது சீட்டும் கரைந்துவிடும்.

ராமநாதபுரம் கடற்கரையில் தொண்டியிலிருந்து மூக்கையூர் வரை எங்கே முகாம் போட்டாலும் ஓட்டை இதே இடத்தில்தான் விழுகிறது. ஆளைக் கண்டுபிடிக்கக் கால் மணி நேரம் போதும். கண்டுபிடித்த ஆளை அடுத்த ஆறு மாதம் கைவிட்டுப் போகாமல் வைத்திருப்பதுதான் வேலை. மருந்து இல்லாத நோயாக இருந்தால் மனசைத் தேற்றிக்கொள்ளலாம். இதற்கு மாத்திரை இருக்கிறது, ஒழுங்காகத் தின்றால் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்கு மேல் குணமாகிறது. 2018 ஜூலை 28 அன்று தொடங்கிய தேசிய வைரல் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் பரிசோதனையும் இலவசம், மாத்திரையும் இலவசம்.

அந்தக் கோடு என்ன சொல்கிறது என்பதில்தான் முதல் குழப்பம். கார்டு வைரஸைப் பார்ப்பதில்லை. வைரஸ் வந்தபோது உடம்பு செய்துவைத்த எதிர்ப்புப் பொருளைப் பார்க்கிறது. தொற்றியவர்களில் நூற்றுக்குப் பதினைந்து முதல் நாற்பத்தைந்து பேர் வரை மருந்தே இல்லாமல் ஆறு மாதத்துக்குள் வைரஸை விரட்டிவிடுவார்கள். அவர்களுக்கும் கோடு விழும். மாத்திரை தின்று முழுசாகக் குணமானவருக்கும் விழும், பெரும்பாலும் ஆயுசுக்கும். அதே சமயம், புதிதாகத் தொற்றியவருக்கு முதல் இரண்டு மூன்று மாதம் கோடு விழாமலே போகலாம். எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கும் டயாலிசிஸில் இருப்பவர்களுக்கும் கார்டு ஏமாற்றுவது உண்டு. ஆகவே இரண்டு கோட்டுக்கு அர்த்தம், "இந்த வைரஸ் எப்போதோ உங்க உடம்புக்குள்ள வந்திருக்கு, இப்பவும் இருக்கான்னு இன்னொரு ரத்தம் பார்க்கணும்" என்பது மட்டும்தான். இதை இதே வார்த்தையில் சொல்லிவிடுவது நல்லது. "உங்களுக்கு ஹெபடைடிஸ் சி இருக்கு" என்று கார்டைப் பார்த்த கையோடு சொல்வது தப்பு.

கீழக்கரை, பெரியபட்டினம் பக்கம் இந்தத் தப்புக்கு விலை அதிகம். வளைகுடா வேலைக்கான மெடிக்கலில் ஹெபடைடிஸ் சி எதிர்ப்புப் பொருளும் பார்க்கிறார்கள். "அன்ஃபிட்" என்று வந்தால் வீடே இடிந்து உட்காரும். விசாவுக்குக் கட்டிய பணம் ஒருபக்கம், ஊரில் என்ன பேசுவார்களோ என்ற பயம் ஒருபக்கம். "ரெண்டு மாசம் கழிச்சு வேற ஊர்ல எடுத்துப் பாப்போம் காக்கா" என்று ஏஜென்ட் சொல்வார். இரண்டு மாதத்தில் எதிர்ப்புப் பொருள் எங்கேயும் போகாது, மறுபடி அதே கோடுதான். உருப்படியான வழி, அரசு மருத்துவமனையில் வைரல் லோடு பரிசோதனை, அதாவது ரத்தத்தில் வைரஸே இருக்கிறதா, எவ்வளவு என்று பார்க்கும் பரிசோதனை செய்வது. வைரஸ் இல்லை என்று வந்தால் அந்தத் தாளைப் பத்திரப்படுத்த வேண்டும். இருந்தால் பன்னிரண்டு வார மாத்திரை. விசா கிடைக்கும் என்று மட்டும் நாம் வாக்குக் கொடுக்கக் கூடாது. அது அந்தந்த நாட்டு விதி. ஈரல் தப்பிக்கும் என்று சொல்லலாம், அதற்கு ஆதாரம் இருக்கிறது.

இன்னொரு பக்கம் கீழாநெல்லி. காமாலை வந்து கீழாநெல்லி அரைத்துக் குடித்து, பத்தியம் இருந்து சரியாகிவிட்டது என்று சொல்கிறவர்கள் தெருவுக்கு நாலு பேர் உண்டு. அவர்களுக்கு வந்தது பெரும்பாலும் தண்ணீர், சாப்பாடு வழியாக வரும் ஹெபடைடிஸ் ஏ அல்லது ஈ. அது தானாகவே வடிந்துவிடும். சி அப்படி முகம் காட்டி வருவதில்லை. தொற்றியவர்களில் ஐந்தில் நாலு பேருக்குத் தொடக்கத்தில் எந்த அறிகுறியும் இருக்காது, கண் மஞ்சளாகாது. நாள்பட்டுத் தங்கிவிட்டவர்களில் நூற்றுக்குப் பதினைந்து முதல் முப்பது பேருக்கு இருபது வருஷத்துக்குள் ஈரல் சுருங்கிப் போகும். "எனக்குக் காமாலையே வந்ததில்லையே" என்பவரைத்தான் உட்காரவைத்துப் பார்க்க வேண்டும்.

இனி அந்த இரண்டாவது ரத்தம். "அப்புறம் வாங்க" என்று சொன்ன நிமிடமே ஆள் போய்விட்டார் என்று வைத்துக்கொள்ளலாம். ராமேஸ்வரத்திலிருந்து ராமநாதபுரம் ஐம்பத்தைந்து கிலோமீட்டர் போல. போகவர அரை நாள், வரிசையில் அரை நாள், ஒரு நாள் பங்குக்காசு போச்சு. கார்டு பாசிட்டிவ் ஆனதும் அதே நாற்காலியில் அதே ஆளிடம் நரம்பில் ரத்தம் எடுத்துவிட வேண்டும். உலக சுகாதார நிறுவனமும் 2022 முதல் இதைத்தான் சொல்கிறது. ஊதா மூடிக் குழாய், அதாவது ஈ.டி.டி.ஏ., நாலைந்து மில்லி. பச்சை மூடிக் குழாய் வேண்டாம். அதிலுள்ள ஹெப்பாரின் வைரல் லோடு பரிசோதனையைக் கெடுக்கும். ரத்தம் எடுத்ததும் குழாயை மெதுவாக எட்டுப் பத்து முறை தலைகீழாகத் திருப்ப வேண்டும், குலுக்கக் கூடாது. பெயர், வயது, பதிவு எண்ணை நாற்காலிப் பக்கத்திலேயே எழுதி ஒட்ட வேண்டும். மேசைக்குக் கொண்டுபோய் மொத்தமாக எழுதலாம் என்று வைத்தால், ஒரே பெயரில் மூன்று பேர் வந்த அன்றைக்குத் தெரியும் அதன் லட்சணம்.

ஆறு மணி நேரத்துக்குள் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கொண்டுபோய்ச் சுழற்றி, மேலே தெளிந்து நிற்கும் பிளாஸ்மாவைப் பிரித்துவிடுவது பத்திரம். அதுவரை குளிர்ச்சி வேண்டும், உறையக் கூடாது. இங்கேதான் மீனவர் ஊரின் தாராள மனசு வில்லங்கமாகும். ரத்தம் வைக்கப் பெட்டி இல்லை என்று வாய் திறந்தால் போதும், பத்து வீட்டிலிருந்து தெர்மகோல் பெட்டி வரும், உடைத்த ஐஸோடு. அதில் குழாயைச் சொருகினால் ரத்த அணு உடைந்து, பிளாஸ்மா சிவப்பாக வரும், மாதிரி வீண். தடுப்பூசி கொண்டுபோகும் பெட்டியில், ஐஸ் பேக்கைச் செய்தித்தாளில் சுற்றி வைத்து, குழாய்களை நேரே அதில் படாமல் நிறுத்தி வைக்க வேண்டும். காசநோய்க்காக வைத்திருக்கும் ட்ரூநாட், ஜீன் எக்ஸ்பர்ட் கருவிகளிலேயே ஹெபடைடிஸ் சி வைரல் லோடும் பார்க்க முடியும். சிப்பும் கார்ட்ரிட்ஜும் மட்டும் வேறு. அவை கையிருப்பில் உள்ளனவா என்று முகாமுக்கு முந்தின வாரமே கேட்டுக்கொண்டால் பக்கத்திலேயே வேலை முடியலாம்.

கார்டைப் பற்றியும் இரண்டு வார்த்தை. பெரும்பாலான கிட்டுகள் 30 டிகிரி வரைதான் தாங்கும். மே மாதம் உச்சிப்புளி ரோட்டில் நிறுத்திவைத்த ஜீப்புக்குள் என்ன சூடு இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. உறையை முன்கூட்டிப் பிரித்து அடுக்கி வைத்தால் கடற்காற்றின் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும், கோடு மங்கும். ஆள் உட்கார்ந்த பிறகு பிரிக்க வேண்டும். கிட்டில் சொன்ன நேரத்துக்குப் பிறகு விழுந்த கோட்டை எண்ணக் கூடாது. கார்டு வேலை செய்கிறது என்று காட்ட எப்போதும் விழ வேண்டிய கண்ட்ரோல் கோடு விழவில்லை என்றால் அந்தக் கார்டு செல்லாது, இன்னொன்று போட வேண்டும்.

முகாம் நாளை அலுவலக நாள்காட்டி பார்த்து வைக்கக் கூடாது, கடலைப் பார்த்து வைக்க வேண்டும். ராமேஸ்வரம் விசைப்படகுகள் வாரத்தில் மூன்று நாள் போகும். படகு கரையில் நிற்கிற நாளில், மீன் எடை போட்டு முடிந்து, வலையைச் சரிசெய்ய உட்காரும் நேரத்தில் போனால் ஆள் கிடைப்பார்கள். கடல்பாசி எடுக்கும் பெண்களுக்கு நேரம் வேறு, அவர்களிடமே கேட்டுக்கொள்ள வேண்டும்.

இது எப்படிப் பரவுகிறது என்று கேட்டால் பாதிப் பேர் கொசு என்பார்கள், மீதிப் பேர் எச்சில் என்பார்கள். இரண்டும் இல்லை. ஒரே தட்டில் சாப்பிட்டால் வராது, தொட்டால் வராது, தாய்ப்பாலில் வராது. ரத்தத்தோடு ரத்தம் சேர்ந்தால்தான். உடலுறவு வழியாக வருவது குறைவு, தாயிடமிருந்து பிள்ளைக்கு நூற்றுக்கு ஐந்து போல. நம் நாட்டில் பெரிய வாசல் ஊசி. எகிப்தில் 1950களிலிருந்து நத்தைக் காய்ச்சலுக்கு அரசே ஊர் ஊராகப் போட்ட ஊசி, சரியாகக் கொதிக்க வைக்காத சிரிஞ்சு வழியாக லட்சக்கணக்கானோருக்கு இந்த வைரஸை ஏற்றியது. குஜராத்தின் மோடாசாவில் 2009ல் சிரிஞ்சு மறுபயன்பாட்டால் ஹெபடைடிஸ் பி பரவி உயிர்கள் போயின. வைரஸ் வேறு, வழி ஒன்றுதான்.

"ஊசிய மாத்திட்டேன் சார், சிரிஞ்சு மட்டும்தான் அதே" என்பது அடிக்கடி காதில் விழும் சமாதானம். அங்கே என்ன நடக்கிறது என்று கிட்டத்தில் பார்க்கலாம். தசையில் ஊசி இறங்கியதும் சிலர் பிஸ்டனைக் கொஞ்சம் பின்னால் இழுத்துப் பார்ப்பார்கள். அப்போது கண்ணுக்குத் தெரியாத அளவு ரத்தம் ஊசி வழியே சிரிஞ்சின் மூக்குக்குள் ஏறிவிடும். பின்னால் இழுக்காவிட்டாலும், ஊசியைக் கழற்றும்போது அந்த இழுப்பிலேயே ஏறும். புது ஊசியை மாட்டி, பல பேருக்கான மருந்துப் புட்டிக்குள் அதே சிரிஞ்சை விட்டு உறிஞ்சினால் புட்டியும் போச்சு. அதற்குப் பிறகு புத்தம்புது சிரிஞ்சு எடுத்து வந்தவருக்கும் அந்தப் புட்டியிலிருந்துதான் மருந்து போகும். டயாலிசிஸ் அறையில் ஹெப்பாரின் புட்டி, மயக்க மருந்துப் புட்டி, ஊர் கிளினிக்கில் டைக்ளோஃபெனாக் புட்டி எல்லாவற்றுக்கும் இதே கதி. குளுக்கோஸ் பாட்டில் மாற்றும்போது டியூபை மட்டும் அப்படியே அடுத்தவருக்கு மாட்டுவது இதைவிடக் கொடுமை. சிரிஞ்சுக்குள் தங்கிய ரத்தத்தில் இந்த வைரஸ் வாரக்கணக்கில் உயிரோடு இருந்ததை ஆய்வுக்கூடத்தில் பார்த்திருக்கிறார்கள்.

ஆகவே நோயாளி கேட்க வேண்டியது ஒன்றுதான்: உறையை என் கண்ணெதிரே பிரியுங்கள். ஒருமுறை அழுத்தினால் பூட்டிக்கொள்ளும் சிரிஞ்சு இருந்தால் இன்னும் நல்லது. அதற்கும் முன்னால், இந்த ஊசி தேவைதானா என்று கேட்கலாம். இரண்டு நாள் கடலில் வலை இழுத்து வந்த உடம்பு வலிக்கு மாத்திரையே போதும். "ஊசி போட்டாத்தான் கேக்கும்" என்று நாமே கேட்டு வாங்குகிறோம். போடுகிறவரை மட்டும் திட்டிப் பிரயோஜனம் இல்லை. திருக்கை முள் குத்தினாலோ துருப்பிடித்த கொக்கி ஏறினாலோ டிடி ஊசி அவசியம்தான். அதை ஆரம்ப சுகாதார நிலையத்தில் போட்டுக்கொள்ளலாம்.

தரையில் ரத்தம் சிந்தினால் முதலில் கையுறை. பழந்துணியோ பஞ்சோ போட்டு மூடி, அதன்மேல் 1 சதவீத ஹைப்போகுளோரைட் கரைசலை ஊற்றி, அரை மணி நேரம் ஊறவிட்டுத் துடைக்க வேண்டும். கடையில் கிடைக்கும் 5 சதவீதக் கரைசல் என்றால் ஒரு பங்குக்கு நாலு பங்கு தண்ணீர். பிளீச்சிங் பவுடர் என்றால் ஒரு லிட்டருக்கு 33 கிராம் போல, அதுவும் பவுடர் புதுசாக, மூக்கைத் துளைக்கிற வாசனையோடு இருந்தால்தான். கரையோர ஈரத்தில் திறந்து வைத்த பவுடர் சீக்கிரமே வீரியம் இழந்து வெறும் சுண்ணாம்பாகிவிடும். கரைசலைத் தினம் புதிதாகக் கலக்க வேண்டும். பயன்படுத்திய ஊசிக்கு மூடி போடக் கூடாது, குத்துப்படுவது பெரும்பாலும் அப்போதுதான். வெள்ளை நிற, துளைக்க முடியாத டப்பாவில் போட்டு, முக்கால் நிரம்பியதும் மூடிவிட வேண்டும்.

பணியாளருக்கு ஊசி குத்திவிட்டால் சோப்பு போட்டு ஓடும் தண்ணீரில் கழுவ வேண்டும், பிதுக்கக் கூடாது. எச்.ஐ.வி.க்குத் தருவதுபோல இதற்கு முன்தடுப்பு மாத்திரை கிடையாது, தடுப்பூசியும் கிடையாது. அன்றே ஒரு ரத்தம், மூன்றிலிருந்து ஆறு வாரத்தில் வைரல் லோடு, நாலிலிருந்து ஆறு மாதத்தில் எதிர்ப்புப் பொருள் என்று பார்க்க வேண்டும். ஹெபடைடிஸ் பிக்குத் தடுப்பூசி உண்டு. 0, 1, 6 மாதம் என்று மூன்று தவணை. சுகாதாரப் பணியில் இருந்துகொண்டு அதைப் போடாமல் இருப்பவரை என்ன சொல்ல!

மற்ற வாசல்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். சலூனில் ஆளுக்கொரு புது பிளேடு. படகில் ஐந்தாறு பேருக்கு ஒரே ரேசர் என்பதை விட்டுவிட வேண்டும். பச்சை குத்தும் இடத்தில் ஊசி மட்டும் அல்ல, மை ஊற்றும் கிண்ணமும் ஆளுக்கு ஒன்று வேண்டும். இது பலருக்குத் தெரியாது. தோலைக் கீறி, கப் வைத்து ரத்தம் உறிஞ்சும் ஹிஜாமாவில் பிளேடும் கப்பும் ஒருமுறைக்குத்தான். கோயில் திருவிழாக் காதுகுத்தில் கம்பி ஒருவர் காதிலிருந்து அடுத்தவர் காதுக்குத் தாவக் கூடாது. போதை ஊசி பழக்கம் உள்ளவர்களைப் போலீஸ் கண்ணோடு பார்த்தால் ஒளிந்துகொள்வார்கள். எச்.ஐ.வி. ஆலோசனை தரும் நம்பிக்கை மையத்தின் கவுன்சிலர் வழியாகப் போனால் வருவார்கள். 2000களின் தொடக்கத்துக்கு முன் ரத்தம் ஏற்றிக்கொண்டவர்கள், அந்தக் காலப் பிரசவமோ ஆப்பரேஷனோ எதுவானாலும், ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது. ரத்த வங்கிகளில் சி பரிசோதனை கட்டாயமானது அதற்குப் பிறகுதான்.

வைரல் லோடில் வைரஸ் இருக்கிறது என்று வந்தால், மாத்திரைக்கு முன் ஈரல் எந்த நிலையில் இருக்கிறது என்று பார்ப்பார்கள். சாதாரண ரத்தப் பரிசோதனையிலேயே ஒரு மதிப்பீடு போடலாம். ஈரல் பாதிப்பைக் காட்டும் எஸ்.ஜி.ஓ.டி. அளவை 40ஆல் வகுத்து, நூறால் பெருக்கி, பிளேட்லெட் எண்ணிக்கையால் (ஆயிரத்தில்) வகுக்க வேண்டும். எஸ்.ஜி.ஓ.டி. 92, பிளேட்லெட் 1,10,000 என்றால் 230ஐ 110ஆல் வகுக்க 2.09. 2ஐத் தாண்டினால் ஈரல் சுருக்கம் இருக்கலாம், மருத்துவர் மேற்கொண்டு ஸ்கேன் பார்ப்பார். சுருக்கம் இல்லாதவருக்கு சோஃபாஸ்புவிர் 400 மி.கி., டக்ளடாஸ்விர் 60 மி.கி., தினம் ஒருவேளை, 12 வாரம். சுருக்கம் இருந்தால் டக்ளடாஸ்விருக்குப் பதில் வெல்படாஸ்விர். வயிற்றில் நீர் கோத்த நிலை என்றால் பெரிய மருத்துவமனைதான்.

தொடங்குமுன் ஹெபடைடிஸ் பியும் பார்த்தே ஆக வேண்டும். சி அடங்கும்போது ஒளிந்திருக்கும் பி சீறிக்கொண்டு எழுவது உண்டு. வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்பதை வாயால் கேட்டால் "ஒண்ணும் இல்ல" என்றுதான் வரும். வீட்டில் இருக்கும் மாத்திரைப் பையைக் கொண்டுவரச் சொல்லி மேசையில் கொட்டிப் பார்க்க வேண்டும். காசநோய்க்கான ரிஃபாம்பிசினும் வலிப்புக்கான ஃபெனிட்டாய்ன், கார்பமஸெபைனும் இந்த மருந்தை வேலை செய்ய விடாது. இதயத் துடிப்புக்கான அமியோடரோனோடு சேர்ந்தால் துடிப்பு ஆபத்தாகக் குறையலாம். மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் கேஸ் மாத்திரை வெல்படாஸ்விரை உடம்பு இழுத்துக்கொள்ளாமல் செய்துவிடும். குடிக்கிறவருக்கு மாத்திரை இல்லை என்று திருப்பி அனுப்புவது என் பார்வையில் மடத்தனம். குடியை விடச் சொல்ல வேண்டும், விடும்வரை வைரஸைக் காத்திருக்கச் சொல்ல முடியாது.

நாள் கணக்கு ஒன்று இருக்கிறது. கிழக்குக் கரையில் மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். விசைப்படகுக்காரர்கள் கரையில் இருப்பதால் அப்போதே தொடங்குவது சுலபம். ஆனால் மாத்திரை 84 நாள். ஏப்ரல் 15 அன்று தொடங்கியவருக்குக் கடைசி மாத்திரை ஜூலை 7. 28 மாத்திரை கொண்ட மூன்றாவது பாட்டிலை ஜூன் 10 அன்று திறப்பார், அதில் 23 மாத்திரை கடல் தொடங்கிய பிறகு. விட்டுப்போவதெல்லாம் இந்த 23ல்தான். பாட்டிலைக் கடலுக்குக் கொண்டுபோக வேண்டாம், உப்புத்தண்ணீர் புகுந்தால் மொத்தமும் நாசம். தங்கும் நாளுக்கு வேண்டியதையும் கூடுதலாக இரண்டையும் இறுக மூடும் சின்ன டப்பாவில், பாட்டிலில் இருக்கும் ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தோடு எடுத்துப் போகலாம். மறந்தால் அன்றைக்குள் ஞாபகம் வந்தவுடன் போட்டுக்கொள்ளலாம். மறுநாள் இரண்டாகச் சேர்த்துப் போடக் கூடாது. அடுத்த பாட்டிலை மனைவியோ அம்மாவோ வாங்கிக்கொள்ள முதல் நாளே மருந்து தரும் மையத்தில் எழுதிக் கொடுத்துவிட வேண்டும். மருந்துச் சீட்டின் போட்டோ வீட்டார் போனில் இருக்கட்டும். எல்லை தாண்டியதாகப் பிடிபட்டு அக்கரையில் இருக்க நேர்ந்தால், யாழ்ப்பாணத்தில் உள்ள இந்தியத் துணைத் தூதரகத்துக்குக் காட்ட அதுதான் உதவும்.

பதிவேட்டில் ஆளுக்கு இரண்டு போன் எண் வேண்டும், ஒன்று கரையில் இருப்பவருடையது. அந்தப் போனில் நோயின் பெயரைச் சொல்லக் கூடாது. "ரத்த ரிப்போர்ட் வந்திருக்கு, நாளைக்கு வரச் சொல்லுங்க மைனி" போதும். அந்தோணியும் முகமதும் முருகனும் நிறைந்த ஊர்களில் தகப்பன் பெயரும் பிறந்த வருஷமும் இல்லாமல் ஆளைப் பிரிக்க முடியாது. மாதக் கடைசியில் எத்தனை பேருக்குக் கார்டு போட்டோம் என்ற எண்ணை மேலே அனுப்புவதில் எல்லோரும் கெட்டி. பார்க்க வேண்டியது படிப்படியாகக் குறைகிற எண்கள்: கார்டு பாசிட்டிவ், வைரல் லோடு எடுத்தவர், வைரஸ் இருந்தவர், மாத்திரை தொடங்கியவர், முடித்தவர், முடித்து 12 வாரம் கழித்து மறுபடி ரத்தம் கொடுத்தவர். எந்தப் படியில் பெரிய சரிவோ அங்கே ஆளைப் போட வேண்டும்.

ஒரே தெருவில் சில மாதத்துக்குள் மூன்று நாலு பேர் வந்தால் அதைத் தற்செயல் என்று விடக் கூடாது. கடைசி ஓராண்டில் எங்கே ஊசி, எங்கே குளுக்கோஸ், பல், பிரசவம், பச்சை, ஹிஜாமா என்று ஒரே கேள்வித்தாளில் எல்லோரிடமும் கேட்டு, பொதுவாக வரும் இடத்தை மாவட்ட நோய்க் கண்காணிப்பு அலுவலரிடம் எழுத்தில் கொடுக்க வேண்டும். ஊருக்குள் பெயரைச் சொல்லிவிட்டால் அந்த இடத்தில் தடயமும் இருக்காது, சாட்சி சொல்ல ஆளும் இருக்காது.

தடைக்காலத்தின் முதல் நாளே தொடங்கியவரின் கடைசி ரத்தம் செப்டம்பர் 29 அன்று. அதற்குள் உடம்பு தெம்பாகியிருக்கும், கடலில் மீன் வாய்த்துக்கொண்டிருக்கும், "நல்லாத்தானே இருக்கேன் சிஸ்டர்" என்பார். அவர் வரமாட்டார், குழாயோடு நாம்தான் கரைக்குப் போக வேண்டும். அந்த ரத்தத்தில் வைரஸ் இல்லை என்றால் குணம். அந்தத் தாளை லேமினேட் செய்து கொடுத்துவிடலாம். அடுத்த மெடிக்கலிலோ ரத்ததான முகாமிலோ கார்டில் மறுபடி இரண்டு கோடு விழும்போது கையில் காட்ட அது ஒன்றுதான் இருக்கும். ஈரல் சுருங்கியிருந்தவர் மட்டும் குணமான பிறகும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை வயிற்று ஸ்கேனுக்கு வர வேண்டும். அடுத்த தேதியை அதே தாளின் பின்பக்கத்தில் எழுதிய பிறகு லேமினேட் செய்வது நல்லது.